கேனான் 6டி: நிறையும் குறையும்

ஃபுல் பிரேம் காமிராவை ஓரளவு குறைந்த விலையில் தர வேண்டுமென்று கேனான் நிறுவனம் 2012ஆம் ஆண்டு அறிமுகப்படுத்தியது ஈ.ஓ.எஸ். 6டி. இன்று இது புதிதாகச் செய்யப்படுவதில்லை. ஆயினும், பிறர் பயன்படுத்தியதை வாங்க எண்ணும் மாணவ நண்பர்கள் இதன் இயல்பை அறிந்துகொள்வது நலம்.

இதன் சென்சார், பழைய 35 மி.மீ. பிலிம் சட்டத்தின் அளவினது. சிறிய கேனான் காமிராக்களின் சென்சாரைப் போல் ஏறத்தாழ இரண்டரை மடங்கு பரப்புடையது. பரப்பு மிகுந்தால் ஏற்கும் ஒளியும் மிகும். ஆகவே, நம் பொங்கல் விழா மேடையின் மங்கிய விளக்கிலும், ஐ.எஸ்.ஓ.வை உயர்த்திப் புள்ளிகள் அதிகமின்றிப் படம் எடுக்கலாம். நடுக் குவியப்புள்ளி நிலவொளியிலும் வேலை செய்யும்.

குறை எங்கே? குவியப்புள்ளிகள் பதினொன்றே, அவையும் நடுவிலேயே நெருங்கியுள்ளன. நொடிக்கு 4.5 படங்களே எடுக்கும். கபடி ஆட்டத்தைத் தொடர்ந்து படமெடுக்க விரும்புவோர்க்கு இது உகந்ததன்று. உள்ளமைந்த பிளாஷ் இல்லை. மெமரி கார்டுக்கு ஓரிடமே உண்டு. சிறிய சென்சாருக்கென்று செய்த இ.எஃப்.-எஸ். லென்சுகள் இதில் பொருந்தா.

எனவே, கையிலுள்ள பணம் முழுவதையும் காமிராவுக்கே கொடுத்துவிடாதீர்கள். 50 மி.மீ. எஃப் 1.8 லென்சுக்கு ஒரு பங்கை ஒதுக்குங்கள். இதன் ஷட்டர் ஓரிலட்சம் படங்களைத் தாங்குமாறு செய்யப்பட்டது. அதுவரை எத்தனை எடுத்தாயிற்று என்பதை விற்பவரிடம் கேட்டறிந்த பின்னரே விலை பேசுங்கள்.