செய்தித்தாள் என்னும் திண்ணைப் பள்ளி

செய்தித்தாளின் வேலை செய்தி சொல்வது மட்டும்தான் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். தமிழ் நாளிதழ்களின் வரலாற்றைச் சற்றுப் புரட்டினால், காலத்துக்குக் காலம் அவை செய்த தொண்டு வேறு வேறு என்பது விளங்கும்.

சென்னை உயர்நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதியாக முத்துசாமி ஐயர் நியமிக்கப்பட்டபோது வெள்ளையர் பத்திரிகைகள் குறை கூறி எழுதின. பதில் சொல்ல நம்மவரிடம் பத்திரிகை இல்லை. ஜி. சுப்பிரமணிய ஐயர் உள்ளிட்ட ஆறு இளைஞர்கள் 1878-இல் 'தி இந்து' வார இதழைத் தொடங்கினார்கள். முதலில் அச்சிட்டது 80 பிரதிகள்தான். ஆங்கிலம் தெரிந்தவர்களிடம் மட்டும் பேசினால் போதுமா? அவரே 1882-இல் 'சுதேசமித்திரன்' என்ற தமிழ் வார இதழைத் தொடங்கினார். 1899-இல் அது நாளிதழாயிற்று. 1904-இல் பாரதியார் அங்கே பணியில் சேர்ந்தார். அரசைத் தட்டிக் கேட்பதே அன்று பத்திரிகையின் வேலை. அதற்காக 1908-இல் சுப்பிரமணிய ஐயர் சிறை சென்றார்.

அடுத்த வேலை எழுத்தறிவு. சி.பா. ஆதித்தனார் 1942-இல் மதுரையில் 'தினத்தந்தி'யைத் தொடங்கினார். எளிய சொல், சின்ன வாக்கியம், பெரிய தலைப்பு. டீக்கடையிலும் சலூனிலும் ஒருவர் படிக்க நாலு பேர் கேட்பார்கள். எங்கள் கடையில் மூட்டை தூக்கிய பெரியவர் பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. 1960-இல் தொடங்கிய 'கன்னித்தீவு' படக்கதையை எழுத்துக் கூட்டிப் படித்துப் படித்தே தலைப்புச் செய்தி வரை வந்துவிட்டார்.

கடல் கடந்தும் இதே கதைதான். சிங்கப்பூரில் கோ. சாரங்கபாணி 1935-இல் நிறுவிய 'தமிழ் முரசு', பின்னர் 'மாணவர் மணிமன்றம்' என்று பிள்ளைகளுக்கே இடம் ஒதுக்கியது. அதில் எழுதிப் பழகியவர்கள் பலர் பிற்காலத்தில் எழுத்தாளர்களானார்கள். பிறந்த மண்ணை விட்டு வந்தவர்களுக்குப் பத்திரிகையே பள்ளியாக இருந்தது என்பது இங்கே கவனிக்கத்தக்கது.

இன்று செய்தியை முந்தித் தருவது கைபேசி. வானொலியும் தொலைக்காட்சியும் தொடங்கி வைத்ததை அது முடித்து வைத்துவிட்டது. அப்படியானால் பேப்பர் எதற்கு என்று கேட்கலாம். நம் ஜீவனஹள்ளியைப் பாருங்கள். பிள்ளைகள் பள்ளியில் கன்னடமும் ஆங்கிலமும் படிக்கிறார்கள். இருக்கும் ஊரின் மொழி கட்டாயம் வேண்டும். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பஸ்ஸில் கன்னடப் பலகையைத் தடுமாறாமல் படிக்கும் என் பேரன், தாத்தாவின் பெயரைத் தமிழில் எழுதிக் காட்டினால் விழிக்கிறான். வாய்க்குத் தமிழ் இருக்கிறது, கண்ணுக்கு இல்லை. இன்னும் ஒரு தலைமுறை போனால் வாய்க்கும் இருக்குமா?

தினத்தந்தி பெங்களூரிலேயே அச்சாகிறது. வீட்டுக்கு ஒரு தமிழ் நாளிதழ் வாங்குங்கள். தினமும் பத்து நிமிடம் பிள்ளையை உட்கார வைத்துத் தலைப்புகளை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். திருத்துங்கள், திட்டாதீர்கள். படித்த தாளைப் பழைய பேப்பர்காரர் எடைக்கு எடுத்துக்கொள்வார். எழுத்து வீட்டிலேயே தங்கிவிடும். வியாபாரி என்ற முறையில் சொல்கிறேன், இதில் நட்டமே இல்லை.