மேல்வீட்டு நீர்க்கசிவுக்கு யார் பொறுப்பு?

மேல்தளத்தில் குடியிருப்பவர் குழாயை மூட மறந்து வெளியூர் சென்றுவிடுகிறார். மறுநாள் கீழ்வீட்டின் கூரைப்பூச்சு பெயர்ந்து விழுகிறது. மெத்தையும் தொலைக்காட்சிப் பெட்டியும் பாழாகின்றன. மேலே இருப்பவரும் வாடகைதாரர். கீழே இருப்பவரும் வாடகைதாரர். இழப்பை ஈடுசெய்ய வேண்டியவர் யார்? அடுக்குமாடிக் குடியிருப்புகளில் அடிக்கடி எழும் இக்கேள்வி, பெரும்பாலும் விடையின்றி வாய்ச்சண்டையில் முடிந்துவிடுகிறது.

முதலில் அறிய வேண்டியது கசிவின் காரணம். சுவருக்குள் புதைந்த பழைய குழாய் வெடித்திருந்தால், அது கட்டடத்தின் குறை, உரிமையாளரின் பொறுப்பு. குழாயைத் திறந்து விட்டதோ, சலவை இயந்திரத்தைச் சரியாக இணைக்காததோ காரணமெனில், அது குடியிருப்பவரின் கவனக்குறைவு. இரு வாடகைதாரர்களுக்கும் இடையே ஒப்பந்தம் ஏதும் இல்லைதான். ஆயினும், கவனக்குறைவால் பிறருக்கு இழப்பை ஏற்படுத்தியவர் அதை ஈடுசெய்ய வேண்டும் என்பது தீங்கியல் சட்டத்தின் அடிப்படை.

அடுத்து, இழப்பைப் பிரித்துப் பார்க்க வேண்டும். கூரையும் சுவரும் உரிமையாளருடையவை. மெத்தையும் தொலைக்காட்சியும் வாடகைதாரருடையவை. பொருள்களுக்கான ஈட்டைக் கீழ்வீட்டார் மேல்வீட்டாரிடம் நேரடியாகக் கோரலாம். கூரையைச் சீரமைக்கும் செலவை உரிமையாளர் தவறிழைத்தவரிடம் பெறலாமே தவிர, தவறிழைக்காத கீழ்வீட்டாரின் முன்பணத்தில் கழிப்பது முறையன்று.

2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையிலுள்ள தமிழ்நாடு வீட்டு உரிமையாளர் - வாடகைதாரர் உரிமைகள், பொறுப்புகள் ஒழுங்குமுறைச் சட்டமும், வாடகைதாரர் விளைவித்த சேதம் நீங்கலான கட்டமைப்புப் பழுதுகளை உரிமையாளர் பொறுப்பில்தான் வைக்கிறது. ஆனால், அச்சட்டத்தின் வாடகை நீதிமன்றம் உரிமையாளர் - வாடகைதாரர் பிணக்குகளுக்கானது. மேல்வீட்டாரிடம் இழப்பீடு கோருபவர் உரிமையியல் நீதிமன்றத்தையே நாட வேண்டும். அதற்கு முன்பாக, மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு வழியே மக்கள் நீதிமன்றத்தில் சமரசம் காண முயலலாம். அங்கு எட்டப்படும் உடன்பாடு நீதிமன்றத் தீர்ப்பாணைக்கு நிகரானது. அதன்மீது மேல்முறையீடு இல்லை.

எந்த வழியில் சென்றாலும் சான்று இன்றியமையாதது. நீர் ஒழுகத் தொடங்கியதும் முதலில் மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டும். பின்னர், துடைத்துத் தூய்மை செய்வதற்கு முன்பே படமெடுத்துக்கொள்ள வேண்டும். உரிமையாளருக்கும் மேல்வீட்டாருக்கும் அன்றே எழுத்து மூலம் தெரிவிப்பதும், குழாய்ப் பணியாளரிடம் காரணத்தையும் செலவு மதிப்பீட்டையும் எழுதி வாங்குவதும் அவசியம். கோபத்தில் வாடகையை நிறுத்திவிடுவது பெரும்பிழை. வாடகை பாக்கியே வெளியேற்றத்துக்குக் காரணமாகி, நியாயம் தம் பக்கம் இருந்தும் வீட்டை இழக்க நேரிடும்.

வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிடுவார்களோ என்ற அச்சத்தால் பலர் வாய் திறப்பதில்லை. அந்த மௌனத்தின் விலையை ஈரச்சுவருக்குள் வாழும் குழந்தைகளும் முதியோரும்தான் கொடுக்கிறார்கள். உரிய நேரத்தில், உரியவரிடம், எழுத்தில் கேட்பது சண்டையன்று; அது உரிமை.