இடியப்போற வீட்டுல என்னங்க வேலை?

லண்டனின் கிழக்குப் பகுதி. குரோவ் ரோடு, 193-ம் நம்பர் வீடு. விக்டோரியா மகாராணி காலத்துக் கட்டடம், மூன்று தளம். பூங்கா அமைக்கப் போகிறோம் என்று வரிசையில் இருந்த மற்ற வீடுகளையெல்லாம் இடித்துத் தள்ளிவிட்டார்கள். இது ஒன்று மட்டும், பல் கொட்டிய வாயில் ஒற்றைப் பல்லாக நின்றது. காரணம், உள்ளே இருந்த ரிட்டையர்டு துறைமுகத் தொழிலாளி. ‘என் வீட்டை விட்டு நகர மாட்டேன்’ என்று அடம்பிடித்துக்கொண்டிருந்தார். கடைசியில் அவரும் வேறு வீட்டுக்குப் போனார்.

இனி கடப்பாரை வரவேண்டியதுதானே? அதற்கு முன்னால் ஒரு பெண் வந்தார். ரேச்சல் வைட்ரீட், சிற்பி, வயது முப்பது. ‘ஆர்ட்ஏஞ்சல்’ என்ற அமைப்பின் உதவியோடு அவர் செய்த காரியத்தைக் கேளுங்கள். வீட்டுக்குள்ளே சுவர், ஜன்னல், கதவு எல்லாவற்றின் மீதும் கம்பி வலை கட்டி கான்கிரீட்டைப் பீய்ச்சி அடித்தார். அது இறுகியதும், வெளிச்சுவரைச் செங்கல் செங்கலாகப் பெயர்த்து எடுத்துவிட்டார். பணியாரக் குழியிலிருந்து பணியாரம் வருகிற மாதிரி, வீடு போய் வீட்டின் உள்ளிருந்த வெற்றிடம் மட்டும் கான்கிரீட்டாக நின்றது! ஜன்னல்கள் வெளியே புடைத்துக்கொண்டு, குளிர் காயும் அடுப்பு துருத்திக்கொண்டு, மாடிப்படி பக்கவாட்டில் ரம்பப் பல்லாக. 1993 அக்டோபரில் வேலை முடிந்தது. பெயர் ‘ஹவுஸ்’. வீடு, அவ்வளவுதான்.

“இதுக்குப் பேரு கலையா?” என்கிறீர்களா? அங்கேயும் அதையேதான் கேட்டார்கள். ஒரு பக்கச் சுவரில் யாரோ பெயின்ட்டால் ‘எதுக்கு?’ என்று எழுத, பதிலுக்கு இன்னொருவர் ‘ஏன் கூடாது?’ என்று எழுதினார். கலை விமர்சகர்கள் நூறு பக்கத்தில் எழுதியதை இந்த இரண்டு பேரும் நான்கே வார்த்தைக்குள் முடித்துவிட்டார்கள்.

1993 நவம்பர் 23. வைட்ரீட்டுக்கு டர்னர் பரிசு, 20,000 பவுண்ட். அந்தப் பரிசை வாங்கிய முதல் பெண் அவர்தான். அதே நாளில் ‘கே ஃபவுண்டேஷன்’ என்ற கோஷ்டி ‘வருடத்தின் மோசமான கலைஞர்’ என்று அவருக்கே 40,000 பவுண்ட் கொடுத்தது. (மோசத்துக்கு ரேட் டபுள்!) வாங்கிக்கொள்ளாவிட்டால் எரித்துவிடுவோம் என்று மிரட்டல் வேறு. வாங்கி, கலைஞர்களுக்கும் வீடற்றோருக்கான ஓர் அமைப்புக்கும் கொடுத்துவிட்டார். சிரிப்பெல்லாம் இத்தோடு சரி. அதே நாளில்தான் உள்ளாட்சி கவுன்சில் ‘அந்தக் கான்கிரீட்டை இடி’ என்றும் முடிவெடுத்தது. 1994 ஜனவரி 11. மெஷின் வந்தது. ஒரே வீடு இரண்டு முறை இடிபட்டது.

இன்ஸ்டலேஷன் என்கிறார்களே, தமிழில் ‘நிறுவல் கலை’ என்று, அதில் ஒரு வகை இது. சட்டம் போட்டு மாட்டுகிற படமல்ல, இடத்தையே படமாக்குவது. இடியப்போகிற வீடு என்றால் இந்தக் கலைஞர்களுக்குக் கல்யாண விருந்து மாதிரி. ஆணி அடிக்காதே, கறை படுத்தாதே என்று சொல்ல ஹவுஸ் ஓனர் கிடையாதே!

அமெரிக்காவில் கார்டன் மட்டா-கிளார்க், 1974-ல் நியூஜெர்சி மாநிலம் எங்கிள்வுட்டில், இடிக்க இருந்த ஒரு மரவீட்டை நட்டநடுவில் ரம்பத்தால் இரண்டாக அறுத்தார். ஒரு பாதியின் அஸ்திவாரக் கற்களைச் செதுக்கி லேசாகச் சாய்த்தார். பிளவு வழியாக வெயில் படுக்கையறைக்குள் கோடாக விழுந்தது. ஆள் ஆர்க்கிடெக்சர் படித்தவர். கட்டப் படித்துவிட்டு அறுக்கப் போனவர்!

அவருக்கும் முன்னால், 1972-ல் ஹாலிவுட்டில் பதினேழு அறைகள் கொண்ட ஒரு பாழடைந்த பங்களா. ஜூடி சிகாகோ, மிரியம் ஷாபிரோ என்ற இரண்டு ஆசிரியைகளும் அவர்களுடைய மாணவிகளும் உடைந்த ஜன்னலுக்குத் தாங்களே கண்ணாடி போட்டு, சுவர் பூசி, அறைக்கு ஓர் உலகம் செய்து வைத்தார்கள். ‘வுமன்ஹவுஸ்’. துணி அடுக்கும் அலமாரியில் மடித்த விரிப்புகளுக்கு நடுவே ஒரு பெண் பொம்மை, தட்டுகளால் வெட்டுப்பட்டு, ஒரு காலை மட்டும் வெளியே எடுத்து வைத்தபடி. ஆபீஸிலிருந்து வந்ததும் “என் துவைச்ச சட்டை எங்கே?” என்று குரல் கொடுக்கும் தம்பிமார்கள் இதை ஒரு நிமிஷம் மனக்கண்ணில் பார்க்கலாம். ஒரு மாதம்தான் காட்சி. பிறகு அந்த பங்களாவும் தரைமட்டம்.

சரி, பல்லடத்துக்கு வருவோம். ஃப்ளெக்ஸ் வருவதற்கு முன்னால் சுவர் விளம்பரமும் சைன்போர்டும் எழுதிப் பிழைத்தவன் நான். சுவர்களோடு எனக்குக் கொஞ்சம் பழக்கம் உண்டு. இங்கே வீட்டைக் கொல்வது முனிசிபாலிட்டி மட்டுமல்ல. கோவை-திருச்சி ரோடு அகலமாகும்போது சில போகும். பாகப்பிரிவினையில் பல போகும். அண்ணன் தம்பி மூன்று பேருக்கு ஓர் ஆசாரத்தை எப்படிப் பங்கு போடுவது? “இடிச்சுப்போட்டு இடத்தைப் பிரிச்சுக்கலாமுங்க” என்று பெரியவர்கள் பேசி முடிப்பார்கள். தேக்கு நிலவும் தூணும் விலை பேசப்படும். அப்படிப்பட்ட சாமான்கள் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் ‘ஆன்டிக்’ என்று விற்பதைப் பார்த்திருப்பீர்கள். மீதி மண்ணும் ஓடும் லாரியில்.

இடிகிற ஒரு வில்லை வீட்டின் சுவரைக் கரண்டியால் சுரண்டிப் பாருங்கள். மேலே டிஸ்டெம்பர். அதற்குக் கீழே நீலம் கலந்த சுண்ணாம்பு. அதற்கும் கீழே காவி. பொங்கலுக்குப் பொங்கல் அடித்த அடுக்குகள், புத்தகத் தாள் மாதிரி ஒன்றன் மேல் ஒன்று. சமையல்கட்டுப் பக்கம் அந்தத் தாள்களுக்கு நடுவே கரிப்புகை. நிலவுக்கட்டையில் பென்சில் கோடு. எந்தப் பிள்ளையின் எந்த வயசு உயரமோ!

வைட்ரீட் அம்மணி நம்ம பக்கத்து வீடு ஒன்றில் கான்கிரீட் அடித்திருந்தால் என்ன வந்திருக்கும் என்று யோசிப்பேன். விளக்கு வைக்கும் மாடக்குழி, சுவரிலிருந்து ஒரு சின்னக் கும்பலாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். மூன்று தலைமுறை மிதித்துக் குழிந்த வாசல்படி, கவிழ்த்த தொன்னை மாதிரி தெரியும். அட்டாலியில் கிடந்த இருட்டு முழுசும் ஒரு பெரிய கட்டியாகத் தலைக்கு மேல் நிற்கும். தெருவில் போகிறவர், “ஏனுங், குடோன் கட்டறீங்களா? வாடகைக்கு விடுவீங்களா?” என்று நிச்சயம் கேட்பார்.

ஒன்று மட்டும் எனக்கு உறுத்தல். அந்தத் துறைமுகத் தொழிலாளிக்குத் தன் வீட்டின் கான்கிரீட் அச்சு பிடிக்கவில்லை, கேலி செய்தார். நியாயம்தான். பரிசு வேறொருத்தருக்கு, வாழ்ந்தது அவர். எங்கிள்வுட்டிலும் அப்படித்தான்: அறுத்தவர் பெயர் கலை வரலாற்றில் இருக்கிறது, முன்பு அங்கே குடியிருந்தவர்கள் பெயர் நமக்குத் தெரியாது.

இந்த உறுத்தலுக்கு ஒரு தமிழர் வேறு வழி கண்டார். யாழ்ப்பாணத்து ஓவியர் தா. சனாதனன். போரில் வீட்டை விட்டு ஓடியவர்களிடம் போய், ‘உங்கள் வீட்டின் படத்தை நினைவிலிருந்து நீங்களே வரைந்து கொடுங்கள்’ என்றார். அவர்கள் வரைந்தது, அதையே முறைப்படியான கட்டட வரைபடமாக்கியது, பக்கத்தில் தன் ஓவியம். இப்படித் தொகுத்து 2011-ல் ஒரு புத்தகமாகவே வந்தது. பெயர் ‘தி இன்கம்ப்ளீட் தோம்பு’. தோம்பு என்றால் டச்சுக்காரர் காலத்து நிலப் பதிவேடு. அதாவது, முடிவடையாத பதிவேடு. அங்கே இடிக்க உத்தரவு போட்டது எந்த கவுன்சிலும் அல்ல, குண்டு. ஆனால் பென்சில் பிடித்தது வாழ்ந்தவர் கை.

படித்ததும் எனக்குக் கை துறுதுறுத்தது. எங்கள் பழைய வீடு போய் வருஷங்கள் ஆகின்றன. ஒரு தாளில் வரைந்தேன். திண்ணை வந்தது. ஆசாரம் வந்தது. தண்ணித்தொட்டி வந்தது. சமையல்கட்டுக் கதவில் நின்றுவிட்டது. இடப்பக்கம் திறக்குமா, வலப்பக்கமா? தங்கச்சிக்கு போன் போட்டால் “வலதுண்ணா, சத்தியமா” என்கிறாள். எனக்கு இடது என்றே படுகிறது. போய்ப் பார்த்துக்கொள்ள வீடு இல்லை.

அம்மாவைக் கேட்டேன். வார்த்தையில் சொல்ல அவருக்கும் வரவில்லை. சட்டென்று எழுந்து, இப்போதைய வீட்டின் மொசைக் தரையில் நின்று, வலது இடுப்பில் இல்லாத குடத்தை ஏந்தி, இடது தோளால் காற்றை ஒரு தள்ளு தள்ளினார்.

“இப்படித்தான் கண்ணு போவேன்.”