மணலில் எழுதக் கற்ற பாதிரியார்!

*சம்பளம் வாங்காத தொண்டர்களால் வாழும் திருச்சபையின் கதை*

சென்னையிலிருந்து திருச்சிக்குப் போகும் நெடுஞ்சாலையில், மதுராந்தகத்துக்குச் சற்று முன்னால் இருக்கிறது கருங்குழி. இன்று பஸ்ஸில் போகிறவர்கள் ஜன்னல் வழியே பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். ஆனால் 18-ம் நூற்றாண்டில் இந்த ஊர்க் கோட்டைக்காக ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதிக்கொண்டார்கள்!

வெள்ளைக்காரர்கள் கோட்டைக்காகச் சண்டை போட்ட கதை நமக்குத் தெரியும். அதே காலத்தில், இதே கரையில், சிறு பிள்ளைகளுக்காகப் பள்ளிக்கூடம் வைத்த வெள்ளைக்காரர்களும் இருந்தார்கள். செங்கற்பட்டு வட்டாரத்தில் பிற்காலத்தில் ஸ்காட்லாந்து மிஷன் பள்ளிகள் நடத்தியது. அது வேறு சபை. அதற்கெல்லாம் முன்னோடியான கதை, இன்னும் தெற்கே நடந்தது.

கருங்குழியிலிருந்து திண்டிவனம், புதுச்சேரி, கடலூர், சிதம்பரம், சீர்காழி என்று தெற்கே போனால் தரங்கம்பாடி வரும். லுத்தரன் திருச்சபை தமிழ்நாட்டில் காலூன்றிய இடம் அதுதான்.

ஒரு சபை எதனால் நிற்கிறது? வெளிநாட்டுப் பணத்தினாலா? பெரிய கட்டடத்தினாலா? இந்தக் கேள்விக்குத் தரங்கம்பாடி பதில் சொல்கிறது.

வேண்டாத விருந்தாளி

1620-ம் ஆண்டு தஞ்சை ரகுநாத நாயக்கர், டென்மார்க் நாட்டு வியாபாரிகளுக்குத் தரங்கம்பாடியில் இடம் கொடுத்தார். அவர்கள் கடற்கரையில் கோட்டை கட்டினார்கள். மிளகு வாங்கிக் கப்பலில் ஏற்றினார்கள்.

1706-ம் ஆண்டு ஜூலை 9-ந் தேதி, இரண்டு இளைஞர்கள் கப்பலில் வந்து சேர்ந்தார்கள். ஒருவர் பெயர் சீகன்பால்க். மற்றவர் பெயர் புளுட்சோ. இருவரும் ஜெர்மானியர்கள். டென்மார்க் அரசர் நான்காம் பிரெடரிக் அனுப்பிய பாதிரியார்கள்.

அரசர் அனுப்பிய ஆட்கள் என்றால் ராஜ மரியாதை கிடைத்திருக்கும் என்று நினைக்கிறீர்களா? அதுதான் இல்லை! கோட்டை அதிகாரிக்கு இவர்கள் வந்ததே பிடிக்கவில்லை. "வியாபாரம் கெட்டுப்போகும்" என்பது அவர்கள் பயம்.

சீகன்பால்குக்கு அப்போது வயது 24. தமிழில் ஒரு வார்த்தை தெரியாது. என்ன செய்தார் தெரியுமா?

ஊரில் திண்ணைப் பள்ளிக்கூடம் நடத்திய ஒரு வாத்தியாரை அழைத்தார். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு தன் வீட்டுக்கே வந்து பாடம் நடத்தச் சொன்னார். பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து, விரலால் மணலில் எழுதினார்கள். அந்த வரிசையில் இந்தப் பாதிரியாரும் போய் உட்கார்ந்தார்! அவர்களைப் போலவே மணலில் எழுதி, அழித்து, மறுபடியும் எழுதிப் பழகினார்.

பாடம் சொல்ல வந்தவர், முதலில் பாடம் கேட்டார்.

சிறையில் 4 மாதம்

1707-ம் ஆண்டு மே மாதம் 5 பேர் முதன்முதலாக ஞானஸ்நானம் பெற்றார்கள். அவர்கள் பிரபுக்கள் அல்ல. டேனியர் வீடுகளில் வேலை செய்த அடிமைகள். அதே ஆண்டு ஆகஸ்டில் ஒரு சிறு கோவில் எழுந்தது. 'புதிய எருசலேம்' என்று பெயர் வைத்தார்கள்.

பள்ளிக்கூடங்களும் வந்தன. பெண் பிள்ளைகளுக்கும் பள்ளி வைத்தார்கள். 300 ஆண்டுகளுக்கு முன்னால் பெண்ணுக்குப் பள்ளிக்கூடம்! ஏழைப் பிள்ளைகளுக்குச் சோறும் துணியும் கொடுத்துப் படிக்க வைத்தார்கள்.

இதற்குப் பணம்? ஜெர்மனியில் ஹாலே என்ற ஊர். அங்கே அனாதைப் பிள்ளைகளுக்கு விடுதியும் பள்ளியும் நடத்திய பிராங்கே என்ற பேராசிரியர், தரங்கம்பாடியிலிருந்து வரும் கடிதங்களை அச்சிட்டு வெளியிட்டார். அதைப் படித்த மக்கள் தங்களால் முடிந்ததை அனுப்பினார்கள். தரங்கம்பாடி எங்கே இருக்கிறது என்று கூட அவர்களில் பலருக்குத் தெரிந்திருக்காது!

1708-ம் ஆண்டு ஒரு விதவையின் கடன் வழக்கில், அவளுக்காக சீகன்பால்க் பரிந்து பேசினார். கோட்டை அதிகாரிக்கு ஆத்திரம் வந்தது. பாதிரியாரைப் பிடித்துச் சிறையில் போட்டார். நான்கு மாதம்!

வெளியே வந்தவர் வேலையை விடவில்லை. இங்கிலாந்திலிருந்து அச்சு இயந்திரம் வந்தது. ஹாலேயிலிருந்து தமிழ் எழுத்துகள் வந்தன. தரங்கம்பாடியில் தமிழ்ப் புத்தகங்கள் அச்சாயின. 1715-ல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்தது.

1718-ம் ஆண்டு அக்டோபர் 11-ந் தேதி, இன்று நாம் பார்க்கும் பெரிய 'புதிய எருசலேம்' ஆலயம் திறக்கப்பட்டது. நான்கே மாதம் கழித்து சீகன்பால்க் இறந்தார். அவருக்கு வயது 36. அந்த ஆலயத்துக்குள்ளேயே அவரை அடக்கம் செய்தார்கள்.

பள்ளிப் பிள்ளை குருவானார்

கடலூரில் மிஷன் பள்ளிக்கூடத்தோடு தொடர்புகொண்டு வளர்ந்த ஓர் இளைஞர் இருந்தார். ஆறுமுகம் என்று பெயர். 1718-ல் ஞானஸ்நானம் பெற்று ஆரோன் ஆனார். ஆரம்பத்தில் உபதேசியாராக வேலை பார்த்தார். 1733-ம் ஆண்டு டிசம்பர் 28-ந் தேதி குருப்பட்டம் பெற்றார். இந்தியாவில் சீர்திருத்தத் திருச்சபையின் முதல் இந்தியப் போதகர் இவரே.

இன்னொரு பிள்ளையின் கதையும் உண்டு. திருநெல்வேலியில் 1774-ல் பிறந்த வேதநாயகம் என்ற சிறுவனை, ஸ்வார்ட்ஸ் ஐயர் 1785-ல் தம்மோடு தஞ்சைக்கு அழைத்து வந்து படிக்க வைத்தார். தரங்கம்பாடியிலும் அந்தப் பையன் படித்தான். 19 வயதில் தஞ்சைப் பள்ளிக்குத் தலைமை ஆசிரியர் ஆனான். தமிழ்க் கிறிஸ்தவர்கள் பாடும் எத்தனையோ கீர்த்தனைகளை எழுதிய வேதநாயக சாஸ்திரியார் அவர்தான்!

ஆறாத புண்

நல்லதை மட்டும் சொல்லிவிட்டுப் போனால் அது கதையாகாது, புகழுரையாகிவிடும்.

தஞ்சைப் படையில் ராஜநாயக்கன் என்று ஒருவர் இருந்தார். ஒடுக்கப்பட்ட சாதியில் பிறந்தவர். தரங்கம்பாடியில் அச்சான வேதப் புத்தகம் ஒன்று அவர் கைக்குக் கிடைத்தது. அது தன் சொந்தப் புத்தகம் இல்லையே என்று, அதைக் கையாலேயே பிரதி எடுத்தாராம்! பிறகு படை வேலையை விட்டார். உபதேசியாராகி ஊர் ஊராகப் போனார். பல சபைகளை வளர்த்தார்.

அவருக்குக் குருப்பட்டம் கொடுக்கலாமா என்று பேச்சு வந்தது. கொடுக்கவில்லை. காரணம்? மற்றச் சாதிக் கிறிஸ்தவர்கள் அவர் கையால் நற்கருணை வாங்க மாட்டார்கள் என்ற பயம். 1771-ல் அவர் உபதேசியாராகவே இறந்தார்.

கோவிலுக்குள்ளும் சாதிக்குத் தனித்தனி இடம் இருந்தது. ஒரே ஜெபம், ஆனால் உட்காரும் இடம் வேறு! 1833-ல் கல்கத்தா ஆங்கிலிக்கன் பேராயர் டேனியல் வில்சன், தம் சபைகளில் சாதி வேற்றுமை கூடாது என்று உத்தரவு போட்டார். அதற்காகச் சபையை விட்டே வெளியேறியவர்கள் உண்டு. சாதியை விடுவதைவிடச் சபையை விடுவது அவர்களுக்குச் சுலபமாக இருந்தது.

இன்று ஞாயிறு பள்ளியில் எல்லாப் பிள்ளைகளும் ஒரே பாயில் உட்காருகிறார்கள் என்றால், அது தானாக வந்ததல்ல. அந்தப் பாயை எந்தப் பெரியவரும் மறுபடி இரண்டாகக் கிழித்துவிடாமல் பார்த்துக்கொள்வது, சபையில் உள்ள ஒவ்வொருவரின் கடமை.

வெள்ளைக்காரர் போனார், சபை நின்றது

1914-ல் முதல் உலக யுத்தம் மூண்டது. ஜெர்மனியும் இங்கிலாந்தும் எதிரிகள். தமிழ்நாட்டில் இருந்த ஜெர்மன் பாதிரியார்களை ஆங்கில சர்க்கார் காவலில் வைத்து, பிறகு நாட்டை விட்டே அனுப்பியது.

பணம் வந்த வழி அடைபட்டது. இனி சபை என்ன ஆகும்? "மூடிவிட வேண்டியதுதான்" என்று யாரும் நினைத்திருந்தால் ஆச்சரியமில்லை.

ஆனால் மணி அடித்துக்கொண்டேதான் இருந்தது! சுவீடன் நாட்டு மிஷனரிகள் தோள் கொடுத்தார்கள். தமிழ்ப் போதகர்களும் உபதேசியார்களும் சபைகளைத் தாங்கினார்கள். 1919-ம் ஆண்டு ஜனவரி 14-ந் தேதி, பொங்கல் சமயத்தில், தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை தனித் திருச்சபையாக உருவாயிற்று. 1956-ல் ராஜா மாணிக்கம் அதன் முதல் இந்தியப் பேராயர் ஆனார். ஆரோன் குருவானதிலிருந்து கணக்குப் பார்த்தால் 223 ஆண்டுகள்!

ஒரு பிடி அரிசி

சபையைத் தாங்குகிற கை எது? அதை அடுக்களையில் போய்ப் பார்க்க வேண்டும்.

சோற்றுக்கு அரிசி அளந்து போடும்போது, வீட்டு அம்மா ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிப் பானையில் போடுகிறார். ஞாயிற்றுக்கிழமை அந்த அரிசி கோவிலுக்குப் போகிறது. இதற்குப் 'பிடி அரிசிக் காணிக்கை' என்று பெயர். தமிழ்நாட்டுத் திருச்சபைகளில் நெடுங்காலமாக உள்ள பழக்கம்.

ஒரு பிடிதானே என்று நினைக்காதீர்கள். நாளுக்கு 2 பிடி என்றால் வாரத்துக்கு 14 பிடி. 50 வீடு சேர்ந்தால் 700 பிடி! கையில் காசே இல்லாத ஏழை வீட்டு அம்மாவும் இதில் தலை நிமிர்ந்து கொடுக்கலாம்.

அறுப்பின் பண்டிகையில் வேறொரு வேடிக்கை. விளைந்ததைக் கொண்டுவந்து கோவிலில் படைக்கிறார்கள். பிறகு ஏலம்! ஒரு பூசணிக்காய்க்குக் கடை விலையைப்போல் பத்து மடங்கு கேட்பவர்கள் உண்டு. வாங்கினவர் அதையே திருப்பிக் கொடுத்து, மறுபடியும் ஏலம் விடச் சொல்வதும் உண்டு.

ஞாயிறு பள்ளி பிறந்த கதை

பிள்ளைகளுக்காக நடக்கும் ஞாயிறு பள்ளி எப்படி வந்தது தெரியுமா?

1780-ல் இங்கிலாந்தில் குளஸ்டர் என்ற ஊரில், ராபர்ட் ரெய்க்ஸ் என்ற பத்திரிகைக்காரர் இருந்தார். அந்த ஊர்ப் பிள்ளைகள் வாரத்தில் 6 நாள் குண்டூசித் தொழிற்சாலையில் வேலை செய்தார்கள். ஞாயிற்றுக்கிழமை தெருவில் திரிந்தார்கள். "அந்த ஒரு நாளிலாவது எழுத்துக் கற்கட்டுமே!" என்று அவர் பள்ளி தொடங்கினார்.

ஆரம்பத்தில் ஆசிரியைகளுக்குக் கூலி கொடுத்தார்கள். பிறகு சம்பளம் வாங்காமல் கற்பிக்கப் பலர் முன்வந்தார்கள். அதன் பிறகுதான் ஞாயிறு பள்ளி உலகமெங்கும் பரவியது. 1876-ல் இந்திய ஞாயிறு பள்ளிச் சங்கம் ஏற்பட்டது.

கோடை விடுமுறை வேதாகமப் பள்ளி 1898-ல் நியூயார்க்கில் தொடங்கியது. ஹாஸ் என்ற அம்மையாருக்கு வேறு இடம் அகப்படவில்லை. மதுக்கடையாக இருந்த ஒரு கூடத்தை வாடகைக்குப் பிடித்து, பிள்ளைகளைக் கூட்டிப் பாட்டும் கைவேலையும் கற்றுக் கொடுத்தார்!

நம் ஊரில் இதையெல்லாம் நடத்துவது யார்? கல்லூரியில் படிக்கும் பெண், ஆபீஸில் வேலை பார்க்கும் இளைஞர், ஓய்வு பெற்ற வாத்தியார். வாரம் முழுவதும் உழைத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லித் தருகிறார்கள். வாலிபர் சங்கத்தார் கிறிஸ்துமஸ் சமயத்தில் இரவு முழுவதும் வீடு வீடாகப் பாடி வருகிறார்கள்.

லுத்தரன் சபையில் பிள்ளைகள் வளர்ந்து வரும்போது 'திடப்படுத்தல்' என்று ஒரு சடங்கு உண்டு. அதற்கு மார்ட்டின் லுத்தர் 1529-ல் எழுதிய சிறிய ஞானோபதேசத்தைப் படிக்க வேண்டும். கேள்வியும் பதிலுமாக உள்ள சின்னப் புத்தகம். வீட்டுத் தலைவர் தம் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே சொல்லித் தரவேண்டும் என்றே லுத்தர் அதை எழுதினார்.

கடல் பொங்கிய ஞாயிறு

2004-ம் ஆண்டு டிசம்பர் 26. அன்றும் ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்துமஸ் முடிந்த மறுநாள். சுனாமி வந்தது. அப்போதைய நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். தரங்கம்பாடியும் தப்பவில்லை.

சோறு பொங்கவும், துணி கொடுக்கவும், அழுகிற பிள்ளையைத் தூக்கவும் எல்லாச் சமயத்தாரும் ஓடி வந்தார்கள். லுத்தரன் திருச்சபையும் உதவிப் பணியில் இறங்கியது.  தொண்டு செய்து பழகிய கைகளுக்கு அன்று வேலை தெரிந்திருந்தது.

உங்கள் ஊரில்?

கோவிலோ, சர்ச்சோ, மசூதியோ, படிப்பகமோ, உங்கள் ஊரிலும் பிள்ளைகளுக்காகச் சம்பளமில்லாமல் பாடுபடுகிற ஒருவர் கட்டாயம் இருப்பார். அவர் யார் என்று பெற்றோர்கள் தெரிந்துகொள்ளுங்கள். பிள்ளையை வாசலில் விட்டுவிட்டுப் போய்விடாதீர்கள். ஒருநாள் உள்ளே போய் உட்கார்ந்து பாருங்கள். என்ன சொல்லித் தருகிறார்கள், எப்படி நடத்துகிறார்கள் என்று கவனியுங்கள். முடிந்தால் நீங்களும் ஒரு மணி நேரம் கை கொடுங்கள்.

"எனக்கு என்ன தெரியும், நான் போய் என்ன சொல்லித் தருவது?" என்று கூச்சப்பட வேண்டாம். தரங்கம்பாடிக்கு வந்த அந்த வாலிபருக்கும் ஒன்றும் தெரியாதுதான். பிள்ளைகளோடு மணலில் உட்கார்ந்துதான் அவர் தொடங்கினார்!