பாட்டில் என் பங்கு எண்பது சதவீதம்

பாரிஸில் 2009-ல் நோயல், லியம் கேலகர் சகோதரர்களின் சண்டையில் உடைந்த ஒயாசிஸ் இசைக்குழு, 2025 ஜூலையில் கார்டிஃப் நகரில் மீண்டும் மேடையேறியது. அதையொட்டி வாசகர் ஒருவர் கேட்கிறார்: ‘ராக் கலைஞர்களுக்கு ஏன் இவ்வளவு தலைக்கனம்? புகழ் மூளையையே மாற்றிவிடுமா?’

‘புகழ் ஒரு போதை, எல்லாம் டோபமின் என்ற மூளை வேதிப்பொருளின் வேலை’ என்ற கட்டுரைகளை நான் நம்புவதில்லை. அமெரிக்காவில் மார்க் யங், ட்ரூ பின்ஸ்கி என்ற ஆய்வாளர்கள் இருவரும் 200 பிரபலங்களிடம் சுயமோகத்தை அளக்கும் கேள்வித்தாளைக் கொடுத்து, 2006-ல் முடிவை வெளியிட்டார்கள். பிரபலங்களின் மதிப்பெண் சராசரி மக்களைவிடக் கூடுதல்தான். ஆனால் எத்தனை ஆண்டு துறையில் இருந்தார்கள் என்பதற்கும் மதிப்பெண்ணுக்கும் தொடர்பே இல்லை. பிரபலங்களுக்குள் மிகக் குறைவாக வாங்கியவர்களோ இசைக்கலைஞர்கள்! எல்லாரும் ஒரே வானொலி நிகழ்ச்சிக்கு வந்த விருந்தினர்கள் என்பதால் இதையும் அளவோடுதான் நம்ப வேண்டும்.

தலைக்கனம் காரணம் இல்லையென்றால் இசைக்குழுக்கள் ஏன் உடைகின்றன? பணம், போதைப்பொருள், அலுப்பு எல்லாம் உண்டு. என்னைக் கவர்ந்த காரணம் நினைவாற்றலில் இருக்கிறது.

மைக்கேல் ராஸ், ஃபியோர் சிகோலி என்ற உளவியலாளர்கள் 1979-ல் வெளியிட்ட ஆய்வில் 37 தம்பதிகளைத் தனித்தனியே கேட்டார்கள்: வீட்டில் இந்த வேலையில் உங்கள் பங்கு எவ்வளவு? 27 தம்பதிகளில் கணவன், மனைவி சொன்னதன் கூட்டுத்தொகை நூறு சதவீதத்தைத் தாண்டியது. தற்பெருமைதானே என்று தோன்றும். ஆனால் பட்டியலில் சண்டையைத் தொடங்குவதும் இருந்தது. அதிலும் தன் பங்கைக் கூட்டியே சொன்னார்கள். பெருமைக்காரன் பழியையும் சேர்த்தா கேட்டு வாங்குவான்? தான் செய்ததற்கு அவர்களுக்கு அதிக உதாரணங்கள் நினைவுக்கு வந்தன, அவ்வளவுதான். அந்த வித்தியாசம் கூடக்கூட, கோரிய பங்கும் கூடியது.

கூட்டுக் குடும்பத்துச் சாம்பாரை நினைத்துக்கொள்ளுங்கள். பெரிய மருமகள் மசாலா அரைக்கிறாள். அவளுக்குத் தன் தோள்வலி தெரியும். நடுமருமகள் பருப்பை வேகவைக்கிறாள். அது குழையாமல் அடம்பிடித்தது அவளுக்கு மட்டுமே தெரியும். கடைக்குட்டி தாளித்துக் கொட்டுகிறாள். அந்தச் சத்தமும் பெருங்காய வாசனையும் தெருவரை போகின்றன. அவள்தான் பாடகர். மசாலா கிதார். பருப்பு டிரம்ஸ், அது இல்லாவிட்டால் சாம்பாரே இல்லை, ஆனால் ‘பருப்பு பிரமாதம்’ என்று யாரும் சொல்வதில்லை. மூவரின் கணக்கையும் கூட்டினால் ஒரு சட்டிச் சாம்பார் ஒன்றரைச் சட்டியாகிவிடும். ஒருவர்கூடப் பொய் சொல்லவில்லை.

பீட்டில்ஸ் இசைக்குழுவின் வரலாறு எல்லாருக்கும் தெரிந்ததே. இங்கே தேவையானது ஒன்றுதான். அந்தக் குழுவின் லெனன், மெக்கார்ட்னி இருவரில் யார் எழுதினாலும் இருவர் பெயரும் போடுவது வழக்கம். 1965-ல் வந்த ‘இன் மை லைஃப்’ பாட்டில் இருவர் நினைவும் முட்டுகிறது. நடுப்பகுதி மெட்டில்தான் மெக்கார்ட்னி உதவினார் என்றார் லெனன். லெனனின் வரிகளுக்கு முழு மெட்டும் போட்டவன் நானே என்கிறார் மெக்கார்ட்னி. மார்க் கிளிக்மன், ஜேசன் பிரவுன் ஆய்வுக்குழு புள்ளியியலால் அலசியபோது, மெட்டு மெக்கார்ட்னியுடையதாக இருக்க 1.8 சதவீத வாய்ப்புத்தான் என்று 2018-ல் ஊடகங்கள் தீர்ப்பே எழுதிவிட்டன. மறு ஆண்டு வெளியான ஆய்வுத்தாளில் சரணத்துக்கு அது ஏறக்குறைய 19 சதவீதம். நடுப்பகுதிக்கு 40-க்கும் மேல். தீர்ப்பு எங்கே போயிற்று?

மற்றவர் உழைப்பையும் நினைத்துப் பார்த்தால் சரியாகிவிடுமா? யூஜின் கருசோ, நிக்கலஸ் எப்லி, மேக்ஸ் பேசர்மன் என்ற ஆய்வாளர்கள் 2006-ல் அதையும் சோதித்தார்கள். மிகையாகக் கோருவது குறைந்தது. ஆனால் உண்மையிலேயே அதிகம் உழைத்தவர்களுக்கு, பிறரை நினைத்த பிறகு குழுவின் மீதே பிடிப்புக் குறைந்துவிட்டது.

கணக்கையே பார்க்காமல் விட்ட குழுக்களும் உண்டு. குயீன் 1989-ல் ‘தி மிராக்கிள்’ தொகுப்பிலிருந்து பாடல்களை நால்வர் பெயரிலும் பொதுவாக வெளியிட்டது. ஆர்.இ.எம். தன் பாடல்களுக்கு எல்லா உறுப்பினர் பெயரையும் சமமாகப் போட்டு, 1980 முதல் 2011 வரை நீடித்து, சண்டையில்லாமல் கலைந்தது. சமபங்குதான் அவர்களைக் காத்தது என்று இரண்டு உதாரணங்களை வைத்துச் சொல்ல முடியாது. சமபங்குக்கு ஒப்புக்கொள்ளும் நால்வர் முன்பே நல்ல நண்பர்களாக இருந்திருக்கலாம்.