வாரக்கடைசி வானம் – 6: மேடைக்கு யார் பொறுப்பு?

தீபாவளி ராக்கெட்டுக்கு நம் ஊரில் காலி பாட்டில்தான் ஏவுதளம். திரி பற்றிய நேரத்தில் பாட்டில் சாய்ந்தால் ராக்கெட் எதிர்வீட்டு மாடியில் காயும் துணிக்குள் புகும். அமெரிக்காவில் விடுமுறை நாள்களில் புல்வெளிகளில் கூடும் மாதிரி ராக்கெட் கிளப்காரர்கள் அந்தப் பாட்டிலின் இடத்தில் எதை வைக்கிறார்கள், அதை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்பது இந்த வாரத்துக்கான விஷயம்.

சென்ற வாரம் மோட்டாரைப் பார்த்தோம். ‘சி6-5’ என்று அட்டைக்குழாயின்மேல் அச்சிட்டிருந்தால், ‘சி’ என்பது மொத்தக் கணத்தாக்கின் வகுப்பு (10 நியூட்டன்-விநாடி வரை), 6 என்பது சராசரி உந்துவிசை நியூட்டனில், 5 என்பது எரிந்து முடித்தபின் பாராசூட்டைத் தள்ளிவிடும்வரை காத்திருக்கும் விநாடிகள். இந்த மோட்டாரைத் தொழிற்சாலை செய்து தருகிறது. ராக்கெட்டை உறுப்பினர் தன் வீட்டு மேசையில் ஒட்டிச் செய்துகொண்டு வருகிறார். இரண்டையும் வானத்துக்கு அனுப்பும் மேடை, கம்பி, பேட்டரி, பொத்தான் எல்லாம் கிளப்பின் பொதுச்சொத்து. பொதுச்சொத்துக்கு என்ன கதி என்று நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இந்தப் பொழுதுபோக்கு பிறந்ததே ஆபத்தைப் பிரித்து வைப்பதற்காகத்தான். நெப்ராஸ்கா மாநிலத்தின் நார்ஃபோக் ஊரில் செருப்புக்கடை நடத்திய ஆர்வில் கார்லைலுக்கு வாணவேடிக்கைப் பித்து. அவருடைய சகோதரர் ராபர்ட்டுக்கு மாதிரி விமானப் பித்து. ராக்கெட் பறக்கும் விதத்தைப் பிறருக்குச் செய்து காட்ட ராபர்ட்டுக்கு ஒரு பொருள் வேண்டியிருந்தது. 1954இல் ஆர்வில் காகிதக்குழாய், பால்சா மரத் துடுப்பு, பாராசூட், மாற்றிப் போடக்கூடிய மோட்டார் இவற்றைக் கொண்டு ஒன்றைச் செய்தார். 1957இல், ஒயிட் சாண்ட்ஸ் ஏவுகணைத் தளத்தில் வேலை பார்த்துவந்த ஜி. ஹாரி ஸ்டைன் எழுதிய பத்திரிகைக் கட்டுரை கார்லைலின் கண்ணில் பட்டது. வீட்டில் ராக்கெட் செய்து காயம்படும் இளைஞர்களைப் பற்றிய கவலையும் ஸ்டைனுக்கு இருந்தது. கார்லைல் தன் ராக்கெட்டை அவருக்கு அனுப்பினார். அதே ஆண்டு அக்டோபர் 4 அன்று ஸ்புட்னிக் பறந்தது. பையன்கள் தீக்குச்சி மருந்தைச் சுரண்டி இரும்புக் குழாயில் அடைத்து விரலையும் கண்ணையும் இழக்கும் ஆபத்து இன்னும் கூடியது.

அந்த ஆண்டே தொடங்கிய நேஷனல் அசோசியேஷன் ஆஃப் ராக்கெட்ரி என்ற சங்கத்தில் கார்லைல் முதலாம் எண் உறுப்பினர், ஸ்டைன் இரண்டாம் எண். மருந்து அடைக்கும் வேலையைப் பையன்களின் கையிலிருந்து எடுத்துத் தொழிற்சாலைக்குக் கொடுத்தது முதல் பாதி. 1959இல் கொலராடோவில் வெர்ன் எஸ்டஸ் மோட்டார் அடைக்கத் தானியங்கி இயந்திரம் செய்தபிறகு அந்தப் பாதி மலிவாகவும் கிடைத்தது. பற்றவைப்பவனை ராக்கெட்டிலிருந்து தள்ளி நிறுத்துவது இரண்டாம் பாதி. ஒயிட் சாண்ட்ஸின் ஒழுங்கை ஸ்டைன் சிறுவர்களுக்கான விதிகளாகச் சுருக்கினார். முதல் பாதியைத் தொழிற்சாலை பார்த்துக்கொள்கிறது. இரண்டாம் பாதியை ஒவ்வொரு கிளப்பும் ஒவ்வொரு வாரமும் புதிதாகச் செய்தாக வேண்டும்.

சங்கத்தின் பாதுகாப்பு விதிகளைப் படித்தால் அவற்றில் பல கருவிகளைப் பற்றியே இருக்கும். மின்சாரத்தால் மட்டுமே பற்றவைக்க வேண்டும். பொத்தானிலிருந்து கையை எடுத்ததும் அது தானாக அணைந்துவிட வேண்டும். அதே சுற்றில் கழற்றக்கூடிய ஒரு பாதுகாப்புச் சாவி இருக்க வேண்டும். டி வகுப்புவரை 15 அடி, அதற்கு மேல் 30 அடி தள்ளி நிற்க வேண்டும். செங்குத்திலிருந்து 30 பாகைக்கு மேல் சாய்த்து ஏவக் கூடாது. மோட்டாரின் தீ தரையைத் தொடாதபடி தகடு வேண்டும். மேடையருகே காய்ந்த புல் இருக்கக் கூடாது. பொத்தானை அழுத்தியும் பற்றவில்லையென்றால் சாவியை எடுத்துவிட்டு 60 விநாடி யாரும் நெருங்கக் கூடாது. இவை காகிதத்தில் இருக்கும்வரை வெறும் சொல்தான். அவை உலோகமாக இருப்பது கிளப்பின் பெட்டிக்குள்.

ஏவுகம்பியிலிருந்து தொடங்குவோம். சிறிய ராக்கெட்டுகளுக்கு எட்டில் ஓர் அங்குலத் தடிமன், மூன்றடி நீள எஃகுக் கம்பி. ராக்கெட்டின் பக்கவாட்டில் ஒட்டிய சிறு குழாய் அதில் வழுக்கிக்கொண்டு ஏறும். வேகம் வரும்வரை துடுப்புகளுக்குக் காற்றில் பிடிமானம் கிடையாது; கம்பியை விட்டுக் கிளம்பும்போது மணிக்கு 30 மைல் வேகமாவது இருக்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு. அழுக்குக் கம்பி அந்த வேகத்தைத் தின்றுவிடும். மோட்டாரிலுள்ள கரிமருந்து எரிந்து படியும் புகைக்கரியில் பொட்டாசிய உப்புகள் உண்டு. அவை காற்றின் ஈரத்தை இழுத்து எஃகைத் துருப்பிடிக்க வைக்கும். கரிமருந்துத் துப்பாக்கிகளைச் சுட்ட அன்றே கழுவ வேண்டியிருந்ததும் இதனால்தான். உப்பு என்பதால் ஈரத்துணிக்கே கரைந்துவிடும். சில ஏவுதலுக்கு ஒருமுறை ஈரத்துணியால் துடைத்து, உலர்த்தி, வீட்டுக்குப் போகுமுன் மெல்ல எண்ணெய் தடவினால் கம்பி பல பருவங்கள் வரும். துரு ஏறிவிட்டால் கம்பி நாரால் தேய்க்க வேண்டும். சமதரையில் உருட்டிப் பார்த்தால் வளைவு தெரிந்துவிடும். வளைந்ததைத் தட்டி நிமிர்த்துவதைவிடத் தூக்கிப் போடுவது நல்லது.

இந்தக் கம்பியின் நுனி, குனிபவரின் கண்மட்டத்துக்கு வரும். அதனால் நுனியைக் கண்ணுக்கு மேலே இருக்கும்படி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் மூடி போட வேண்டும். மூடியையும் பாதுகாப்புச் சாவியையும் ஒரே கயிற்றில் கட்டிவிட்டால் நல்லது. மூடியைக் கழற்றி எடுத்து வந்தால்தான் சாவி கைக்கு வரும். சாவி கையில் இல்லாமல் யாரும் பொத்தானை அழுத்த முடியாது.

அடுத்தது கிளிப். மோட்டாரின் வாயில் செருகும் இக்னைட்டர், மெல்லிய நிக்ரோம் கம்பி. அதன் இரு கால்களையும் இரண்டு க்ரோகடைல் கிளிப்கள் கவ்விப் பிடிக்கும். ஒவ்வொரு ஏவுதலிலும் மோட்டாரின் தீ நேராக அந்தக் கிளிப்களின் மேல்தான் விழுகிறது. கரி படிந்த பற்கள் மின்சாரத்தைத் தடுக்கும். பொத்தானை அழுத்தியும் ராக்கெட் கிளம்பாமல் கூட்டம் ‘அடடா’ என்னும்போது, பெரும்பாலும் இக்னைட்டர் மருந்தைத் தொடாமல் நழுவியிருக்கும், இல்லையேல் கிளிப் அழுக்காக இருக்கும், அதுவும் இல்லையேல் இரு கிளிப்களும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும். உப்புத்தாளை மடித்துப் பற்களுக்கு நடுவே இரண்டு இழுப்பு இழுப்பது அரை நிமிட வேலை. கிளிப்பைக் கழற்றி மாற்றும்படி முதலிலேயே செய்துவைத்த கிளப்புகள் அந்த வேலையும் இல்லாமல் பிழைக்கின்றன.

பெரிய கிளப்புகளில் ஒரே நேரத்தில் பல மேடைகள், தூரமும் அதிகம். தூரம் கூடினால் ஒயரின் தடையும் கூடும். 18 கேஜ் தாமிர ஒயர் போக வர 100 அடி என்றால் தடை ஏறத்தாழ 0.64 ஓம். இக்னைட்டரின் தடையே ஒரு ஓமை ஒட்டித்தான் இருக்கும் என்பதால், பேட்டரியின் சக்தியில் கணிசமான பங்கு ஒயரைச் சூடாக்குவதில் போய்விடும். அதனால் 12 வோல்ட் பேட்டரியை மேடையருகே வைத்து, அங்கே ஒரு ரிலே ஸ்விட்ச் பொருத்துகிறார்கள். நீளமான ஒயரில் ரிலேயை இயக்கும் சிறு மின்னோட்டம் மட்டும் போகும்.

ஏற்பாடு நல்லதுதான். ஆனால் புதிதாக ஓர் ஆபத்தும் கூடவே வருகிறது. கிளிப்கள் மோதிப் பொறி பறந்த ஏதோ ஒரு தருணத்தில் ரிலேயின் தொடுமுனைகள் உருகி ஒட்டிக்கொள்ளலாம். சாவி, பொத்தான் பக்கச் சுற்றில் மட்டும் இருந்தால், சாவியை எடுத்த பிறகும் கிளிப்பில் மின்சாரம் இருக்கும். அந்த நேரத்தில் ராக்கெட்டின் மேல் குனிந்து கிளிப் மாட்டுபவர் பெரும்பாலும் பன்னிரண்டு வயதுப் பிள்ளையாக இருக்கும். இதற்கு அனுபவஸ்தர்கள் செய்யும் பரிகாரம் எளியது: இக்னைட்டரில் மாட்டுமுன் இரு கிளிப்களையும் ஒன்றோடொன்று தட்டிப் பார்ப்பது. பொறி வந்தால் அந்த மேடைக்கு அன்று விடுமுறை. மேடையிலேயே பேட்டரியைத் துண்டிக்கும் ஸ்விட்ச் ஒன்றும், கிளிப்பில் மின்சாரம் இருந்தால் எரியும் விளக்கு ஒன்றும் வைத்தால் இன்னும் நல்லது.

இக்னைட்டர் சரியாக இணைந்திருக்கிறதா என்று சொல்லும் சோதனை விளக்கிலும் கவனம் வேண்டும். பழைய பெட்டிகளில் அது குண்டு பல்பாக இருக்கும். நிக்ரோமுக்கு அதன் மின்னோட்டம் போதாது. சிறு மின்னோட்டத்துக்கே பற்றிக்கொள்ளும் நுண்ணிய இக்னைட்டர்களுக்கோ அதுவே போதும்; சோதிக்கும்போதே ராக்கெட் கிளம்பிவிடும். எல்.இ.டி.க்கு மாற்றிவிட்டால் தொல்லை தீர்ந்தது.

பேட்டரி மௌனமாக ஏமாற்றும். மீட்டர் வைத்துப் பார்த்தால் 12 வோல்ட் காட்டும். பொத்தானை அழுத்தினால் சரிந்துவிடும். சுமை கொடுத்து அளந்தால்தான் உண்மை தெரியும். ஈய-அமில பேட்டரியைச் சார்ஜ் இறங்கிய நிலையில் குளிர்காலம் முழுவதும் கராஜில் போட்டுவிட்டால், தகடுகளில் உப்புப் படிந்து வசந்தத்தில் எழுந்திருக்காது. சிறிய பெட்டிகளில் பென்டார்ச் செல்களைக் கழற்றாமல் விட்டால் கசிந்து முனைகளை அரித்துவிடும்.

இத்தனையும் யார் செய்வது? வழக்கமாக இரண்டு மூன்று பேர். அவர்களுடைய காரின் பின்பக்கம்தான் கிளப்பின் அலுவலகம். காலையில் முதலில் வந்து ஒயர் இழுப்பவர்களும் மாலையில் கடைசியில் சுருட்டுபவர்களும் அவர்களே. நடுவில் தங்கள் ராக்கெட்டை ஏவ நேரமிருப்பதில்லை. அவர்களில் ஒருவர் வேலை மாறி வேறு மாநிலத்துக்குப் போனால் கிளப்பே ஆட்டம் காணும். எந்த ஒயர் எந்த மேடைக்கு என்பது அவர் மனதில் மட்டும் இருந்திருக்கும். நன்றாக நடக்கும் கிளப்புகள் இந்த அறிவை ஆளிடமிருந்து பெட்டிக்கு மாற்றுகின்றன. ஒவ்வொரு ஒயருக்கும் நிறப்பட்டை, பெட்டியின் மூடிக்குள் ஒட்டிய சரிபார்ப்புப் பட்டியல், மேடைவாரியாக ஒரு நோட்டு. ஏவுதல் அதிகாரி பொறுப்பும், ஒவ்வொரு ராக்கெட்டையும் கையில் வாங்கிப் பார்க்கும் பாதுகாப்பு அதிகாரி பொறுப்பும் மணிக்கொருவராகச் சுழல்கின்றன. இதில் இடம் கொடுத்த விவசாயியின் நம்பிக்கையும் அடக்கம். சங்கத்தின் காப்பீடு அவருடைய நிலத்துக்கும் பாதுகாப்புத் தரும். ஆனால் வயலில் ஒருமுறை தீப்பிடித்தால், காப்பீடு பணத்தைத் தரலாம், அடுத்த மாதம் அதே வயலைத் தராது.

எந்தக் கிளப்பில் சேரலாம் என்று அமெரிக்காவில் பிள்ளை வளர்க்கும் வாசகர் யாராவது கேட்டால், எவ்வளவு உயரம் ஏவுகிறார்கள் என்று விசாரிக்க வேண்டாம். போன முறை பற்றாமல் போன மேடை எது, அதற்கு என்ன செய்தீர்கள் என்று கேளுங்கள். நோட்டைப் புரட்டிப் பதில் சொன்னால் பிள்ளையைத் தைரியமாக விடலாம். ‘எப்போதாவது அப்படி ஆகும், மறுபடி அழுத்தினால் போய்விடும்’ என்று சிரித்தால், நன்றி சொல்லிவிட்டு அடுத்த ஊர்க் கிளப்பைத் தேடுங்கள்.

(அடுத்த வாரம்: கோழிமுட்டையை உடையாமல் ஏற்றி இறக்கும் பள்ளி மாணவர் போட்டி.)