பன்னிரண்டு பேர் சமைக்கும் குசினி

‘பேட்டில் பிரதர்ஸ்’ விளையாடித் தோற்கிறவர்களைக் கவனித்துப் பாருங்கள். எதிரே நிற்கிற அரக்கன் எவ்வளவு பெரிசு என்று பார்ப்பார்கள். தங்கள் ஆளுக்கு மூச்சு எவ்வளவு மிச்சம் என்று பார்க்கமாட்டார்கள். ஜேர்மனியின் ஹம்பேர்க் நகரில் ஓவர்ஹைப் ஸ்டூடியோஸ் என்ற சின்ன நிறுவனம் செய்து, 2017 மார்ச்சில் முழுமையாக வெளியிட்ட கணினி விளையாட்டு இது. இடைக்கால ஐரோப்பாவைப் போன்ற ஒரு நாட்டில் நீங்கள் ஒரு கூலிப்படையின் தலைவர். மூன்று பேரோடு தொடங்குவீர்கள். பிறகு ஊர் ஊராகப் போய், கமக்காரன், மீன்பிடிகாரன், களவெடுத்துப் பிழைத்தவன், நொடித்துப்போன பிரபு என்று அகப்பட்டவனைச் சம்பளத்துக்குச் சேர்ப்பீர்கள். களத்தில் ஒரே நேரத்தில் பன்னிரண்டு பேர் இறங்கலாம். ஆட்களுக்குக் கால் கிடையாது. இடுப்புக்குமேல் மட்டும் உள்ள பொம்மைகள், பலகையில் வைத்த காய்போல் அறுகோணக் கட்டங்களில் நகரும். செத்தவன் செத்தவன்தான், திரும்பி வரமாட்டான்.

இது எப்படி இயங்குகிறது என்று சொல்ல, மட்டக்களப்பு வாவிக்கரை ஊர்களில் நடக்கிற ஒரு கலியாணச் சமையலை எடுத்துக்கொள்வோம். களுவாஞ்சிக்குடியோ ஆரையம்பதியோ, எந்த ஊரென்றாலும் சரி. பின்வளவில் தறப்பாள் கட்டி, அடுப்பு மூட்டி, ஒன்றில் சோற்றுக் கிடாரம், ஒன்றில் நண்டுக்கறி, ஒன்றில் பருப்பு. பத்துப் பன்னிரண்டு பேர் நிற்பார்கள். தலைமைச் சமையல்காரர் அகப்பையைத் தொடுவதே அருமை. எவன் எந்த அடுப்பில் நிற்பது, எவனை எப்போது வெளியே அனுப்புவது என்பதுதான் அவர் வேலை. விளையாட்டில் உங்கள் வேலையும் அதுவே.

சண்டை சுற்றுச் சுற்றாக நடக்கும். ஒவ்வொரு சுற்றிலும் ஓர் ஆளுக்கு 9 செயல்புள்ளி. ஒற்றைக் கை வாளை ஒருமுறை வீச 4 போகும்; ஆக இரண்டு வீச்சு. இரட்டைக் கைக் கோடரிக்கு 6, அதனால் ஒரே வீச்சுத்தான். சமதரையில் ஒரு கட்டம் நகர 2. வெங்காயம் உரிக்கிறவர் அந்த நேரத்துக்குள் மிளகாயையும் கிள்ளிவிடுவார். கிடாரத்தை இறக்கப் போனவர் அதை இறக்கிவிட்டுத்தான் மற்ற வேலையைப் பார்ப்பார். இது எவருக்கும் சட்டென்று விளங்கிவிடும்.

விளங்காதது களைப்பு. ஒவ்வொரு வீச்சும், ஒவ்வொரு அடி நகர்வும் களைப்பை ஏற்றும். சுற்றுக்குச் சுற்று 15 இறங்கும். கனத்த கவசம் மாட்டியவனுக்குக் களைப்பைத் தாங்கும் அளவே குறைந்துவிடும். இன்னொன்று: களைப்பு ஏற ஏற, முந்திக்கொள்ளும் வேகம் அதே அளவு விழும். முதல் சுற்றில் எல்லாருக்கும் முன்னால் அடித்தவன் ஐந்தாம் சுற்றில் கடைசியாக அடிப்பான். நண்டுச் சட்டிக்கு முன்னால் ஒரு மணித்தியாலம் புகையில் நின்றவரின் கை அப்படித்தான் இருக்கும். நல்ல தலைமைச் சமையல்காரர் அவர் தள்ளாடும்வரை பார்த்திருக்கமாட்டார். முன்னரே அவரை இழுத்துவிட்டு, தேங்காய் துருவிக்கொண்டிருந்தவரை அங்கே தள்ளுவார். விளையாட்டிலும் இதற்கென்றே இரண்டு திறமைகள் உண்டு. பக்கத்தில் நிற்கிறவனோடு இடம் மாற்றிக்கொள்வது ஒன்று. அந்தச் சுற்றின் 9 புள்ளியையும் விட்டுக்கொடுத்து, ஏறிய களைப்பில் பாதியைக் கழற்றுவது மற்றது. புதியவர்கள் இந்த இரண்டையும் எடுக்கமாட்டார்கள். அடிக்கிற திறமையைத்தான் எடுப்பார்கள்.

முன்வரிசையில் கேடயக்காரர், பின்வரிசையில் நீண்ட காம்பு ஆயுதக்காரர் என்பது பாலபாடம். நீண்ட காம்பு ஆயுதம் இரண்டு கட்டம் எட்டும். அடுப்பு வாயில் ஒருவர் நிற்க, அவர் தோளுக்குமேலால் நீட்டுக் காம்பு அகப்பையைவிட்டு இன்னொருவர் கிண்டுவது மாதிரி. எதிரியை ஒட்டி நின்றுவிட்டு விலகப் பார்த்தால் அவனுக்கு ஓர் இலவச அடி கிடைக்கும், ஆகையால் முதலில் எங்கே நிறுத்துகிறீர்கள் என்பதே பாதிச் சண்டை. மேட்டில் நிற்பவன் வீசும் அடி எதிரியில் படும் வாய்ப்பு 10 விழுக்காடு கூடும். ஒருவனைச் சுற்றி நிற்கிற ஒவ்வொரு கூடுதல் ஆளும் 5 விழுக்காடு சேர்ப்பான். எவ்வளவு சேர்த்தாலும் 95இல் நின்றுவிடும். எவ்வளவு மோசமான நிலையிலும் 5இற்குக் கீழே போகாது. இந்த ஐந்துதான் ஆட்களைத் திட்டவைக்கும் ஐந்து.

கவசம் பற்றி வாவி நண்டிடம் படிக்கலாம். உயிர் நண்டை அப்படியே பலகையில் விட்டு வெட்டப் போகிறவர் விரலைக் கொடுத்துவிட்டு வருவார். முதலில் கால்களைக் கட்டவேண்டும். பிறகு இரண்டு வழி உண்டு. ஓட்டை உடைத்துத் திறப்பது ஒரு வழி. புரட்டிப்போட்டு, வயிற்றடியில் மடிந்திருக்கிற அந்தச் சின்ன மடலைத் தூக்கி, அதற்குள்ளால் கத்தியைக் கொடுத்து ஓட்டைச் சேதமில்லாமல் கழற்றுவது மற்றது. விளையாட்டில் சம்மட்டி முதல் வழி, கவசத்தை நொறுக்கும். குத்துவாள் இரண்டாம் வழி. குத்துவாளில் ஒரு சிறப்புக் குத்து இருக்கிறது: குறி தவறும் வாய்ப்பு அதிகம், ஆனால் பட்டால் கவசத்தைத் தொடாமல் நேரே உடம்புக்குப் போகும். இதில் என்ன லாபம்? கொல்லப்பட்டவனின் கவசம் முழுசாக உங்களுக்குக் கிடைக்கும். விலை கொடுத்து வாங்க முடியாத இரும்புச் சட்டைகளை அனுபவசாலிகள் இப்படித்தான் சேர்க்கிறார்கள். ஒரு பிரபுவின் வீரன் தனியாக அகப்பட்டால் முதலில் அவன்மேல் வலையை வீசுவார்கள். வலைக்குள் கிடப்பவனால் நகர முடியாது, தற்காப்பும் விழும். பிறகு நாலு பேர் சுற்றி நின்று குத்துவாளால் குத்துவார்கள். பார்க்க அவ்வளவு வீரமான காட்சி இல்லை. வீச்சுவலை பிடித்த கைகள் உள்ள ஊர்க்காரருக்கு விளக்கமும் தேவையில்லை.

இனி அரக்கர்கள். ஜேர்மன் நாட்டார் கதைகளிலிருந்து எடுத்த பெயர்கள் பல. ஒவ்வோர் அரக்கனும் குசினியின் வேறொரு பலவீனத்தைத் தேடி வருகிறான் என்று வைத்துக்கொண்டால் போதும், எவனை எப்படிச் சமாளிப்பது என்று தானாக விளங்கும்.

நாக்ட்செரர் பிணந்தின்னி. களத்தில் விழுந்த பிணத்தைத் தின்று அடுத்த அளவுக்கு வளரும். மூன்றாம் அளவில் உங்கள் ஆளை உயிரோடு விழுங்கிவிடும். அதைக் கொன்றால் அவன் வெளியே வருவான். கழிவைக் கண்ட இடத்தில் போட்டால் நாயும் காகமும் குசினிக்குள் வரும் என்பது தெரிந்த கதை. ஆகவே, பிணம் விழுந்த கட்டத்தை உங்கள் ஆளால் மூடுங்கள், தின்னவிடாதீர்கள். வீடர்கேங்கர் என்ற நடைபிணத்துக்கும் இதே ஒழுங்குதான். அதற்குக் களைப்பும் இல்லை, பயமும் இல்லை. விழுந்தாலும் எழும். தலையைத் துண்டித்தால் எழாது. விழுந்த இடத்தில் ஆள் நின்றாலும் எழ இடமிருக்காது. அணைத்துவிட்டோம் என்று நினைத்த கொள்ளி திரும்பப் பற்றுவதற்கும் இதற்கும் வித்தியாசமில்லை. பின்னால் ஒரு பிணமந்திரவாதி நின்றால் முதலில் அவனைத் தேடுங்கள். உங்கள் பக்கத்தில் செத்தவனையும் அவன் எழுப்பி உங்களுக்கெதிராகவே விடுவான்.

பழங்கால எலும்புக்கூட்டுப் படையிடம் அம்பும் ஈட்டியும் எடுபடாது. குத்துவதற்குச் சதை இல்லையே. சம்மட்டியும் கோடரியும் வேண்டும். ஓர்க் என்ற அரக்க இனத்து வீரன் உங்கள் வரிசையைத் தள்ளி உடைத்து, அந்த இடத்தில் தான் ஏறி நிற்பான். தண்டாயுதத்தால் தலையைக் கிறுகிறுக்கவைத்து அவன் முறையைக் கெடுப்பதே வழி.

உன்ஹோல்ட் என்ற பூதம் சுற்றுக்குச் சுற்று உயிர் மீளும். குறுக்கே நிற்கிற ஆளைத் தூக்கிப் பின்னால் எறியும். இங்கேதான் பலர், மூன்று பூதம் வந்தால் மூன்றையும் ஒரே நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கடித்துப் பார்க்கிறார்கள். மூன்று அடுப்பிலும் அரை நெருப்பு எரிந்தால் ஒன்றும் வேகாது. விறகை எல்லாம் ஓர் அடுப்புக்கு இழுங்கள், ஒன்றை இறக்கிவிட்டு அடுத்ததைப் பாருங்கள்.

அல்ப் தூங்கவைக்கும், கெட்ட கனவால் கொல்லும். பக்கத்தில் நிற்கிற தோழனால்தான் தட்டி எழுப்ப முடியும், அதனால் ஒருவனையும் தனியே விடக்கூடாது. ஹெக்ஸ என்ற சூனியக்காரி உங்கள் ஆளொருவனோடு தன்னைக் கட்டிவிடுவாள். அவளுக்கு விழுகிற அடி அவனுக்கும் விழும். (பாயோடு ஒட்டவைக்கிற மந்திரத்துக்குப் பேர்போன மட்டக்களப்பாருக்கு இதைச் சொல்லி வியக்கவைக்க முடியாது.) லிண்ட்வூர்ம் என்ற பெரும்பாம்பின் இரத்தம் அமிலம், கிட்ட நின்று வெட்டினால் உங்கள் கவசம்தான் கரையும்.

கைஸ்ட் என்ற ஆவி வேறு வகை. ஓர் அடி பட்டாலே போய்விடும், ஆனால் அந்த அடி படுவது கஷ்டம். அது அலறும், அலற அலற உங்கள் ஆட்களின் மனம் தளரும், அடுத்தது ஓட்டம். ஒருவன் ஓடுவதைக் கண்டு பக்கத்தில் நிற்பவனும் நடுங்குவான். முன்வரிசையில் மன உறுதி உள்ளவனை வைக்கச் சொல்வது இதனால்தான்.

சண்டைக்கு வெளியேயும் ஒரு கணக்கு ஓடுகிறது. தினமும் சம்பளம், தினமும் சாப்பாடு. இரண்டும் தவறினால் ஆட்கள் முகம் சுளிப்பார்கள், பிறகு ஒவ்வொருவராகக் கழன்றுபோவார்கள். என் கண்ணுக்கு விளையாட்டின் ஒரு பலவீனம் இங்கே: ஆட்கள் கூட்டாக மறுப்பதில்லை. வரலாற்றில் கூலிப்படைகள் மறுத்ததுண்டு. மட்டக்களப்பிலிருந்து ரயில் ஏறினால் வழியில் வருகிற பொலன்னறுவையில், வேளைக்காரர் என்ற கூலிப்படையினரின் தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது. தந்ததாதுக் கோயிலைக் காப்பதாக அவர்கள் ஒப்புக்கொண்டது அதில் பதிவாகியிருக்கிறது. மன்னன் முதலாம் விஜயபாகு சோழர்மேல் படையெடுக்கப் புறப்பட்டபோது அதே வேளைக்காரர் போகமறுத்துக் கிளர்ந்து அரண்மனையைக் கொளுத்தினார்கள் என்று சூளவம்சம் என்ற வரலாற்று நூல் சொல்கிறது. ‘இவனோடு சண்டைபிடிக்கமாட்டோம்’ என்று படை மொத்தமும் எழுந்து நிற்பது இந்த விளையாட்டில் நடவாது.

1215இல் பொலன்னறுவையைப் பிடித்த கலிங்க மாகனும் கேரள, தமிழ்க் கூலிவீரர்களோடுதான் வந்தான். சூளவம்சம் அவர்களை மாரனின் படைக்கு ஒப்பிடுகிறது. மட்டக்களப்பு மரபோ அவனையே மாகோன் என்று அழைத்து, வன்னிமைகளையும் கோயில் ஒழுங்குகளையும் வகுத்த அரசனாக நினைவில் வைத்திருக்கிறது. அரக்கன் யார் என்பதை விளையாட்டு முன்கூட்டியே முடிவுசெய்து தந்துவிடுகிறது. வரலாறு அந்த வசதியைத் தருவதில்லை. விளையாட்டின் மீது எனக்குள்ள ஒரே பெரிய குறை இது. மற்றபடி, மனிதரின் மூச்சை இவ்வளவு கறாராகக் கணக்கிடும் வேறொரு போர் விளையாட்டு எனக்குக் கிடைக்கவில்லை.

புதிதாகத் தொடங்குகிறவருக்கு நாலு வார்த்தை. இலகு நிலையில் தொடங்குங்கள். கையில் காசு வந்ததும் பெரிய கோடரியைப் பார்க்காமல் எல்லாருக்கும் கேடயமும் ஈட்டியும் வாங்குங்கள். ஈட்டியால் குத்தும்போது படும் வாய்ப்பு 20 விழுக்காடு கூட. தலைக்கவசத்தை அலட்சியம் செய்யாதீர்கள்: நாலு அடியில் ஒன்று தலைக்குத்தான் வரும், அங்கே காயம் ஒன்றரை மடங்கு. தோற்கப்போகிறோம் என்று தெரிந்தால் பின்வாங்கும் பொத்தானை அழுத்துங்கள், அதற்காகத்தான் அது இருக்கிறது. ஓர்க் வீரரை வேட்டையாடும் ஒப்பந்தத்தை ஆறு பேரோடு எடுக்கவேண்டாம். அடுத்த ஊரிலும் வேலை கிடைக்கும்.